ஒரு சாண் இடைவெளி

குழாய் நமக்கு நீர் தருவது என்பதை அனைவரும் அறிவோம். அக்குழாயே நீர் குடிக்கவும் செய்யும் என்று எவரேனும் கூறினால் நகைப்போம். ஆயினும் அது உண்மையே. நீர் வரத்து நின்றவுடன் திறந்த குழாயின் வாயில் ‘உஸ்’ என்னும் ஓசையுடன் காற்று உள்ளே இழுக்கப்படுவதைத் தாய்மார்கள் பலர் கேட்டிருப்பார்கள். அவ்வேளை உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், குழாய் கையைப் பற்றி இழுக்கும். “தண்ணீர் நின்றுவிட்டது” என்று கூறிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். உண்மையில் நீர் நிற்கவில்லை, திரும்பி ஓடுகிறது. அந்நேரம் குழாயின் வாய் காற்றில் இருந்தால் அது காற்றைக் குடிக்கும். அழுக்கு நீரில் மூழ்கியிருந்தாலோ அழுக்கு நீரைக் குடிக்கும். மறுநாள் காலையில், தான் குடித்ததை அப்படியே நம் குடத்தில் ஊற்றும்.

குடிநீரைப் பற்றிப் பேசும்பொழுது ஆற்றின் தூய்மையைப் பற்றியும், மேல்நிலைத் தொட்டியின் தூய்மையைப் பற்றியும் பேசுகிறோம். தொட்டிக்கும் நம் குடத்துக்கும் இடையில் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் குழாயைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதைப் பற்றிச் சிறிது சிந்திப்பது நம் குடும்பங்களின் நலனுக்கு இன்றியமையாதது.

நீர் திரும்புவது எவ்வாறு?

மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் ரப்பர்க் குழலின் ஒரு முனையை அமிழ்த்தி, மறு முனையை வாயால் உறிஞ்சிக் கீழே விட்டால், எண்ணெய் தானாகவே வழிந்து வருவதை முதியோர் அறிவர். எண்ணெயின் மீது அழுத்தும் காற்றே அதனைக் குழலுக்குள் தள்ளுகிறது. நாம் வாழும் இடத்தில் காற்றின் அழுத்தம், ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த் தூணின் அழுத்தத்துக்குச் சமமானது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் இறங்கும் வரை குழாய்க்குள் உள்ள அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தைவிட மிகுதியாக இருக்கும். அதுவே காவல். குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் நீர் வெளியே கசியுமேயன்றி, வெளியிலுள்ள அழுக்கு உள்ளே நுழையாது.

தொட்டியின் வால்வு மூடப்பட்டதும் அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. மேட்டுத் தெருவின் குழாயில் எஞ்சியிருக்கும் நீர் பள்ளத் தெருவை நோக்கி வடிகிறது. வடியும் நீர் தன் பின்னே ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்ல, அந்த வெற்றிடம் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சுகிறது. திறந்த குழாய், பழுதுபட்ட இணைப்பு, சாக்கடைக்குள் செல்லும் துருப்பிடித்த வீட்டிணைப்பு ஆகிய ஒவ்வொன்றும் அப்பொழுது ஒரு வாயாகிவிடும். முதன்மைக் குழாய் உடைந்தாலும், தீயணைப்பு வண்டி ஒரே வேளையில் பெருமளவு நீரை இழுத்தாலும், எவரேனும் தம் மோட்டாரைக் குழாயுடன் நேரடியாக இணைத்து உறிஞ்சினாலும் இதுவே நிகழும்.

நாள் முழுவதும் நீர் வரும் நகரங்களில் இது எப்பொழுதேனும் நேரும் விபத்து. நாளுக்குச் சில மணி நேரமோ, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ நீர் வரும் ஊர்களிலோ, இது வால்வு மூடப்படும் ஒவ்வொரு முறையும் நேரக்கூடியது. நம்மிடையே இதனைக் குறித்த எச்சரிக்கை பன்மடங்கு தேவைப்படுவதன் காரணம் இதுவே.

ஒரு கல்லூரி கற்ற பாடம்

ஹோலி கிராஸ் கல்லூரி என்றதும் நம் வாசகர்களுக்குத் திருச்சியும் நாகர்கோவிலும் நினைவுக்கு வரும். இங்கு நாம் கூறவிருப்பது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் இயேசு சபைத் துறவியர் 1843-இல் நிறுவிய அதே பெயருடைய கல்லூரியைப் பற்றியது. 1969-ஆம் ஆண்டு அக்கல்லூரியின் கால்பந்துக் குழுவினரிடையே மஞ்சட்காமாலை பரவிற்று. விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் பணியாளருமாக 97 பேரில் 90 பேரை அந்நோய்க் கிருமி தொற்றியது. இரண்டே ஆட்டங்களுடன் அவ்வாண்டின் போட்டிகளனைத்தையும் கல்லூரி கைவிட நேர்ந்தது.

ஒரே உணவகத்தில் உண்ட பிற மாணவர்கள் நலமாயிருக்க, இக்குழுவினர் மட்டும் வீழ்ந்தது எவ்வாறு? மருத்துவர்கள் துப்பறிவாளரைப் போல் ஆராய்ந்தனர். பயிற்சி மைதானத்தில் புல்லை நனைப்பதற்கான குழாய்வாய்கள் நிலமட்டத்துக்குக் கீழே சிறு குழிகளுக்குள் அமைந்திருந்தன. அருகில் வாழ்ந்த குழந்தைகள் அங்கு வந்து விளையாடுவது வழக்கம். அவர்களிடையே காமாலை நோய் இருந்தது. குழிகளில் தேங்கிய நீர் அவர்களால் அசுத்தமடைந்திருந்தது. ஆகஸ்டு 29-ஆம் நாள் நகரில் ஓரிடத்தில் தீப்பற்ற, அதை அணைக்கத் தீயணைப்புப் படையினர் பெருமளவு நீரை இழுத்தனர். குழாயின் அழுத்தம் வீழ்ந்தது. குழிகளில் தேங்கியிருந்த நீரைக் குழாய் உறிஞ்சிக்கொண்டது. மைதானத்தில் வீரர்கள் நீரருந்திய குழாயும் அதே இணைப்பைச் சேர்ந்ததே.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்பொழுது நம் ஊர்த் தெருக்களை எண்ணாதிருக்க முடியவில்லை. நீர் மேலேறி வராத காரணத்தால், தெருக்குழாயை வெட்டித் தாழ்த்தி, அதனைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அக்குழிக்குள் குடத்தை இறக்கிப் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் உண்டு. மழைநீரும், பாத்திரம் கழுவிய நீரும், கால் கழுவிய நீரும் அந்தக் குழியிலேயே தேங்குகின்றன. கோழியும் நாயும் அதில் இறங்குகின்றன. நீர் நின்றதும் குழாயை மூடாமலே விட்டுச் செல்கிறோம். வூஸ்டரில் ஒரே ஒரு நாள், ஒரு தீவிபத்தின் காரணமாக நிகழ்ந்தது, இங்கு எவ்விதத் தீயும் இன்றி நிகழக்கூடும். வீட்டில் காமாலை கண்டவுடன் கீழாநெல்லியைத் தேடி ஓடுகிறோம். தெருமுனையிலுள்ள குழாய்க் குழியை எட்டிப் பார்ப்பதில்லை.

“குளோரின் போடுகிறார்களே!”

குடிநீரில் குளோரின் கலக்கப்படுவதால் அச்சமில்லை என்று எண்ணுவோர் உளர். குளோரின் பெரும் நன்மை செய்வது என்பதில் ஐயமில்லை. குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தர விதி. ஆனால் அச்சிறு அளவு, சிறு அசுத்தத்தை எதிர்ப்பதற்கானது. சாக்கடை நீர் மொத்தமாகப் புகுந்தால் அதனை வெல்ல அதற்கு ஆற்றல் போதாது.

இதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. தலைநகர் தில்லியிலேயே உண்டு. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனை தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ள, நஜப்கர் கால்வாயின் கழிவுநீர் பின்னோக்கிச் சென்று, நகருக்குக் குடிநீர் எடுக்கும் வசீராபாத் நீரேற்று நிலையை அடைந்தது. இங்கு நீர் திரும்பியது குழாயில் அன்று, ஆற்றிலேயே. அதிகாரிகள் குளோரினை மிகுத்துக் கலந்தனர். அதனால் குடற்காய்ச்சல் போன்றவை பெருகாமல் தடுக்கப்பட்டன எனலாம். ஆயினும் காமாலை தடைபடவில்லை. 1956-இன் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். அந்நோய், இன்று ‘ஹெபடைடிஸ் ஈ’ எனப்படும் கல்லீரல் அழற்சியே எனப் பிற்கால ஆய்வுகளால் அறியப்பட்டது.

இந்நோயைப் பற்றித் தாய்மார்கள் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. மற்றவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர். ஆனால் கருவுற்ற பெண்களை, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் இருப்போரை, இந்நோய் பற்றினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்க நேரலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு வளையல் அடுக்கிச் சீர் செய்யும் நாம், அவள் அருந்தும் நீர் எவ்வழியே வருகிறது என்றும் பார்த்தல் வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே பகை

தீமை தெருவிலிருந்துதான் வரும் என்றும் கருத வேண்டாம். 1933-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றபொழுது, பெயர்பெற்ற விடுதிகள் இரண்டில் தங்கியவர்களிடையே அமீபா வயிற்றளைச்சல் பரவியது. ஏறத்தாழ 1,400 பேர் நோயுற்றனர். 98 பேர் மாண்டனர். நகராட்சி வழங்கிய நீரில் குறையில்லை. அவ்விடுதிகளுக்குள் குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீருக்கும் இடையே இருந்த தவறான இணைப்புகளே காரணம்.

பின்லாந்து நாட்டில் நோக்கியா என்பது ஓர் ஊரின் பெயர். 2007 நவம்பர் இறுதியில் அவ்வூரின் கழிவுநீர் நிலையத்தில், சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் பிரித்து நின்றது ஒரே ஒரு வால்வு. அது திறந்துவிட, அழுத்தம் மிகுந்த கழிவுநீர் ஊர்க் குடிநீருக்குள் புகுந்தது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். இங்கு நீர் உறிஞ்சப்படவில்லை, தள்ளப்பட்டது. வெற்றிடத்தால் உறிஞ்சப்படுவது ஒருவகை, எதிர் அழுத்தத்தால் தள்ளப்படுவது மற்றொரு வகை என நீர் திரும்பும் வழி இரண்டாகும்.

இவ்விரண்டாம் வகை நம் வீடுகளில் எங்கே உள்ளது? ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் குழாயையும் ஊராட்சிக் குழாயையும் ஒரே இணைப்பில் சேர்த்து, நடுவில் ஒரு கேட் வால்வு வைத்துக்கொள்கிறோம். “அது வந்தால் இதைத் திறப்போம், இது வந்தால் அதை மூடுவோம்” என்கிறோம். ஒருநாள் மறந்தாலும், வால்வு தேய்ந்தாலும், மோட்டார் நம் கிணற்று நீரை ஊரார் குடிநீருக்குள் தள்ளிவிடும். அக்கிணற்றின் அருகில் கழிவறைக் குழி இருப்பின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

விதிகள் கூறுவது

இவற்றுக்கெல்லாம் சட்டதிட்டங்கள் இல்லாமல் இல்லை. கட்டடங்களில் நீர் வழங்குவது குறித்து இந்தியத் தர நிறுவனம் வகுத்த ஐ.எஸ். 2065 என்னும் நெறிமுறையும், தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இதனைத் தெளிவாகவே கூறுகின்றன. நல்ல நீர்க் குழாய்க்கும் அசுத்த நீர்க் குழாய்க்கும் எவ்வித இணைப்பும் இருத்தலாகாது. நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தோம் என்றோ, வால்வை மூடி முத்திரையிட்டோம் என்றோ கூறுவது அதற்கு ஈடாகாது. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளோ, கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ நுழைந்து செல்லலாகாது. தரம் குறைந்த நீரையும் நல்ல நீரையும் சேர்த்துப் பயன்படுத்தியே தீர வேண்டுமாயின், இரண்டையும் ஒரு தொட்டியில் தனித்தனியே காற்றிடைவெளி விட்டு விழச்செய்தல் வேண்டும். அவ்விடைவெளி குழாய் விட்டத்தின் இருமடங்கு இருக்க வேண்டும். எவ்விதத்திலும் 150 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. தெருவில் பதிக்கும் முதன்மைக் குழாய் சாக்கடையிலிருந்து 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்றும், இயலாதவிடத்து, தனிப் பள்ளத்தில், சாக்கடைக் குழாயின் மேல்மட்டத்துக்கு அரை மீட்டரேனும் மேலே அமைய வேண்டும் என்றும் மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு அறிவுறுத்துகிறது.

இவ்விதிகளனைத்தின் சாரமும் ஒன்றே. வால்வை நம்பாதே, இடைவெளியை நம்பு. வால்வு இரும்பாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. தேயும், துருப்பிடிக்கும், மனிதன் மூட மறப்பான். காற்று தேயாது, அதனை எவரும் மூட வேண்டியதில்லை, விலையும் இல்லை. குழாய் வாய்க்கும் அதன் கீழே தேங்கும் நீருக்கும் நடுவில் காற்று நின்றால், எத்தகைய வெற்றிடமும் அந்நீரைத் தொட முடியாது. 150 மில்லிமீட்டர் என்பது 6 அங்குலம். நம் கையின் ஒரு சாண் அதனைவிடச் சற்று மிகுதி. ஆகவே அளவுகோல் தேட வேண்டியதில்லை; ஒரு சாண் இடைவெளி என்று நினைவில் வைத்தால் போதும்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் அருகில் வாழும் நமக்கு, வாஷ் பேசினில் கைகழுவுகையில் இவ்வுண்மை கண்முன்னே தெரியும். குழாயின் வாய் பேசினின் விளிம்புக்கு மேலே உயர்ந்து நிற்பது அழகுக்காக மட்டுமன்று. பேசின் அடைத்துக்கொண்டு விளிம்பு வரை அழுக்கு நீர் நிறைந்தாலும், அது குழாயின் வாயைத் தீண்டாது.

இன்றே செய்யக்கூடியவை

முதலாவதாக, வீட்டின் சம்ப் தொட்டியைத் திறந்து பார்ப்போம். நீர் வரும் குழாய் அடிவரை இறங்கி நீரில் மூழ்கியிருந்தால், அதனை வெட்டி, நீர் நிரம்பும் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிறுத்தச் செய்வோம். தொட்டியின் வாயைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டி, இறுக மூடுவோம்.

இரண்டாவதாக, ஹோஸ் குழாயைக் கவனிப்போம். வாளியிலும் மாட்டுத் தொட்டியிலும் அதன் முனையை அமிழ்த்திவிட்டுச் செல்வது நம் வழக்கம். வயலுக்குப் பூச்சிமருந்து கலக்கும் டிரம்மில் ஹோஸை மூழ்க விடுதல் அனைத்திலும் கொடியது. அந்நேரம் அழுத்தம் வீழ்ந்தால் நஞ்சே குழாயேறும். கழிவறையில் பயன்படுத்தும் கைக்குழாயையும் கோப்பைக்குள் விழவிடாது, மாட்டியில் மாட்டுதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஊர்க் குழாயில் மோட்டாரை நேரடியாக இணைப்பதை விட்டொழிப்போம். அது அயலாரின் பங்கு நீரைப் பறிப்பது மட்டுமன்று. தெருவிலுள்ள சாக்கடையையும் குழாய்க்குள் இழுத்து, அவர்தம் குடத்தில் சேர்ப்பதாகும். சம்ப்பில் விழுந்த நீரை அங்கிருந்து மோட்டாரால் மேலேற்றுவதே முறை.

நான்காவதாக, ஆழ்துளைக் கிணற்று இணைப்பையும் ஊர்க் குழாய் இணைப்பையும் முற்றிலும் பிரித்துவிடுவோம். பிளம்பரை அழைத்தால் அரைநாள் வேலைக்கு மேல் ஆகாது.

ஐந்தாவதாக, தெருக்குழாய்க் குழிகளை மூடச் செய்வோம். நீர் மேலேறவில்லையெனில், குழி தோண்டுவதற்குப் பதிலாக, அழுத்தம் குறைவதன் காரணத்தைக் கண்டறியுமாறு பேரூராட்சியைக் கேட்பதே நெறி. சிற்றூர்களில் உள்ளோர் இதனைக் கிராம சபையில் எழுப்பலாம். 2022 முதல் மார்ச் 22-ஆம் நாளான உலக நீர் நாளிலும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது.

ஆறாவதாக, நீர் வரத் தொடங்கியவுடன் வரும் முதல் நீரைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம். அதனைச் செடிகளுக்கு விடலாம். கலங்கலோ நாற்றமோ தென்பட்டால் உடனே பேரூராட்சிக்குத் தெரிவிப்போம். குடிநீரைக் கொதிகுமிழி எழும் வரை காய்ச்சி ஆற்றிக் குடிப்பது எக்காலமும் நன்று.

நம் பங்குப் பள்ளிகள், மாணவர் விடுதிகள், கன்னியர் இல்லங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும் இது பொருந்தும். ஒரு வீட்டின் தவறு ஒரு குடும்பத்தைத் தாக்கினால், விடுதியின் தவறு ஒரே நாளில் நூறு பிள்ளைகளைப் படுக்கையில் தள்ளும். கோடை விடுமுறையில் சுவருக்கு வெள்ளையடிக்கும்பொழுது, குழாய்களையும் ஒருமுறை தடம்பிடித்துப் பார்ப்பது நலம்.

ஒரே குழாய்

நாள் முழுவதும் குழாயில் அழுத்தம் நிலைக்குமாறு நீர் வழங்குவதே இறுதியான தீர்வு. ஒடிசாவின் பூரி நகரம் 2021-இல் அந்நிலையை எய்தியது. நம் ஊர்களும் ஒருநாள் எய்தும் என நம்புவோம். அதுவரை அழுத்தம் செய்ய வேண்டிய காவலை, நாம் விடும் இடைவெளியே செய்தாக வேண்டும்.

கிணற்றிலிருந்து நீர் இறைத்த காலத்தில், ஊர்க் கிணற்றில் எவரும் அழுக்குத் துணி துவைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். எழுத்தறியாதவரும் அதனை மதித்தனர். மீறியவரை ஊர் கேட்டது. இன்று ஊர்க் கிணறு மண்ணுக்குள் குழாயாக நீண்டு, ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் வந்து நிற்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் சிற்றூர்களிலும் வீடுதோறும் இணைப்பு வந்துள்ளது. வீட்டுக்கு வீடு குழாய் தனித்தனியே தோன்றினும், நீர் ஒன்றே, கிணறும் ஒன்றே. என் வீட்டு ஹோஸ் முனை மூழ்கிக் கிடக்கும் வாளி, என் வாளி மட்டுமன்று. அது அடுத்த வீட்டுக் கைக்குழந்தையின் பாலில் கலக்கும் நீருமாகும்.

பிரளய வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திய தலம் என்று பழம்புராணம் போற்றும் ஊர் நம் பெண்ணாடம். திரும்பி வரும் நீரைத் தடுக்க இன்று நமக்கு அற்புதங்கள் தேவையில்லை. குழாயின் வாய்க்கும் தேங்கிய நீருக்கும் நடுவில் ஒரு சாண் காற்று போதும். இன்று மாலையே சம்ப் மூடியைத் தூக்கிப் பார்ப்போமாக.